விக்கல் பாட்டுக்காரி

தேவனேரி
11-2-1974

மீனாட்சிக்கு,

உறை மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே இது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் இன்னும் கொஞ்சம் படி. உன் கூடப் பிறந்த பூவாயிதான் எழுதுகிறேன்.

ஏழு வருஷம் ஆகிறது. "இனி எனக்கு அக்கா என்று யாரும் இல்லை, கடிதமும் எழுத வேண்டாம்" என்று நீ எழுதினாய். நானும் எழுதவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று அம்மா சாகும் வரைக்கும் என்னைத் திட்டினாள். இந்த ஒன்றில் கேட்டிருக்கிறேன்.

நான் இப்போது மெட்ராசில் இல்லை. மார்கழியிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டு மாமல்லபுரம் பக்கத்தில் இந்தக் கடலோரத்துக்கு வந்துவிட்டேன். ஆராயி என்று ஒருத்தி, மீன் கூடை சுமக்கிறவள், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையை எனக்கு விட்டிருக்கிறாள். வந்த அன்றைக்கே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ ரேடியோல பாடுற மாமல்லை பூரணிதான? இங்க இன்னாத்துக்கு வந்துகீற?" என்று கேட்டாள். காற்று வாங்க என்றேன். "காத்துதான் கீது இங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷப் பாட்டுப் பிழைப்பில் இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் தின்று பார்த்தாயிற்று. பேசினால் காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கிறது. மெட்ராசில் டாக்டரிடம் போனால் மறுநாளே எல்லா ஸ்டூடியோவுக்கும் சேதி போய்விடும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை தொண்டை டாக்டர் பார்க்கிறாராம். 21-ம் தேதி வருகிறேன். காலையில் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் மறுபடி வரச் சொல்வார்கள் என்கிறார்கள். நடுவில் உட்கார ஓர் இடம் வேண்டும்.

உன் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்காரலாமா? கூடாது என்றால் பதில் போடாதே, நான் புரிந்துகொள்கிறேன்.

பூவாயி


செங்கல்பட்டு
15-2-1974

அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நிலை அறிந்து வருந்தினேன். வியாழக்கிழமை தாராளமாக வரலாம். எனக்குப் பள்ளிக்கூடம் நான்கரை வரை இருக்கும். சாவியை வாசலில் பூ விற்கும் அம்மாளிடம் கொடுத்து வைக்கிறேன். சாப்பாடு அடுப்பங்கரையில் மூடி வைத்திருக்கும்.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இருப்பது பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். ஊரிலிருந்து உறவுக்காரர் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பெயரைக் கேட்டால் பூவாயி என்றே சொல்லுங்கள், பூரணி என்று சொல்ல வேண்டாம். அது பொய்யும் இல்லை.

இவ்வளவு முன்ஜாக்கிரதை எதற்கு என்று கேட்பீர்கள். அந்த விக்கல் பாட்டு வந்த வருஷத்தை நான் மறக்கவில்லை. சினிமாவில் குடித்துவிட்டு ஆடுகிற ஒருத்திக்காக நீங்கள் பாடியது. வரிக்கு வரி ஒரு விக்கல், முடிவில் ஒரு சிரிப்பு. அதுவரை உங்களை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. அந்தப் பாட்டுக்கு அப்புறம் டீக்கடையில் நிற்கிறவனுக்கெல்லாம் தெரிந்தது. நீங்களும் ஒரு பத்திரிகைப் பேட்டியில், என் தங்கை செங்கல்பட்டில் டீச்சர் என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஊரையும் சொன்னீர்கள். பிறகு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விக்கல் வரும். அப்புறம் மூன்று. அப்புறம் வகுப்பு முழுவதும். பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் லீவில் போகிறாயா அம்மா என்று கேட்டார்.

மதுராந்தகத்து பக்தவத்சலத்துக்கும் எனக்கும் நிச்சயமாகியிருந்தது உங்களுக்குத் தெரியும். அது நின்று போனதும் தெரியும். எதனால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் பழைய கதை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மீனாட்சி


தேவனேரி
2-3-1974

மீனாட்சி,

"தங்கள்" "அவர்கள்" எல்லாம் படித்துச் சிரித்தேன். சிரிப்பும் இப்போது சத்தமில்லாமல்தான் வருகிறது.

அன்றைக்கு நீ வைத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். தட்டு மேல் "உப்பு குறைவு" என்று சீட்டு எழுதி வைத்திருந்தாயே, அதை எடுத்து வந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. நீ வந்த பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், கல்பாக்கத்தில் கட்டுகிற அணு உலையைப் பற்றிப் பேசினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன். உன் வீட்டில் ரேடியோ இல்லாததையும் பார்த்தேன்.

தொண்டையிலிருந்து சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று முன்தினம் வந்து முடிவைக் கேட்டேன். உன் வீட்டுக்கு வரத் தோன்றவில்லை, நேராக பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சீட்டில் எழுதிக்கொண்டே என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பாடுகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். குரல்வளையில் புற்று. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்கலாம், விட்டுவிட்டால் ஒரு வருஷம் தாங்காது. கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியாகத்தான் மூச்சாம். "அப்ப பாட்டு?" என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தபடி, "பேச்சே இருக்காதும்மா" என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. ஏதோ கோயிலில் திருவிழா, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் பாடிய அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷம் என்னவெல்லாம் பாடியிருக்கிறேன் என்று மாமல்லபுரம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். உனக்குத் தெரிந்தது பாதிகூட இருக்காது. பதினெட்டு வயசில், இப்போது நீ இருக்கிற ஊரில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனியோடு ஓடினேன். ராஜபார்ட் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவன் வாயை அசைக்க, திரைக்குப் பின்னால் நின்று நான் பாடினேன். பிறகு சினிமாவில் கும்பலோடு கும்பலாகக் கோரஸ். ஒரு நாள் குழந்தைக்குப் பாட வேண்டியவள் வரவில்லை, நான் பாடினேன். அதற்கப்புறம் ஐந்து வருஷம் தமிழ்ப்படத்தில் பாடின குழந்தைகளில் பாதி நான்தான். பிறகு கிழவி, குறத்தி, பேய். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே நாளில் பாடியிருக்கிறேன். மவுண்ட் ரோடு ஹோட்டலில் கோட்டு போட்ட பேண்டு வாத்தியக்காரர்களோடு இங்கிலீஷ் பாட்டு. அர்த்தம் தெரியாது, தமிழில் எழுதி வைத்துப் பாடுவேன். சிங்களத்திலும் பாடினேன், தெலுங்கிலும் பாடினேன். தேர்தலில் இரண்டு கட்சிக்கும் பாடினேன். சிலோன் ரேடியோவில் நேயர்கள் என் பாட்டைத்தான் கேட்டு எழுதினார்கள், பாடினது ஒரே ஆள் என்று தெரியாமல்.

இதையெல்லாம் பெருமைக்கு எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 67-ல் உன் கடிதம் வந்த பிறகு அந்த விக்கல் மாதிரிப் பாட்டு ஒன்றுகூட நான் பாடவில்லை. நம்பினால் நம்பு.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆபரேஷனுக்குப் புருஷனோ கூடப் பிறந்தவர்களோ கையெழுத்துப் போட வேண்டுமாம். புருஷன் எனக்கு வாய்க்கவில்லை. நீ போடுவாயா?

பூவாயி


செங்கல்பட்டு
6-3-1974

அக்கா,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன். எப்போது, எங்கே என்று சொல். லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஆஸ்பத்திரியிலும் கூட இருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வகைப் பாட்டே பாடவில்லை என்று நீ எழுதியிருப்பதைப் படித்த பிறகு, சொல்லாமல் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

கல்யாணம் உன் பாட்டால் நிற்கவில்லை.

நிச்சயமான பிறகு பக்தவத்சலத்தின் அப்பா தனியாக வந்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு தங்கமான பொண்ணு. அந்தப் பாட்டுக்காரியோட மட்டும் ஒட்டும் வோணாம், ஒறவும் வோணாம். நீயே உன் கையால எழுதிப் போட்டுடு." அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். வாங்கிப் படித்துப் பார்த்து, போகிற வழியில் அவரே தபாலில் போட்டார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயசு அக்கா. என்னோடு டிரெய்னிங் படித்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

உறவு வேண்டாம் என்று எழுதச் சொன்னது அவர்தான். ஆனால் "எனக்கு அக்கா என்று யாரும் இல்லை" என்ற வரி அவர் சொன்னதில்லை. அதை நானாகச் சேர்த்தேன். அவருக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று.

நாற்பது நாள் கழித்து பக்தவத்சலம் தன் அத்தை மகளைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு முன்னாலிருந்தே அங்கே மனசு இருந்ததாம். உன் பேச்சே அதில் வரவில்லை. நான்தான் ஊரெல்லாம், பள்ளிக்கூடமெல்லாம், அக்கா பாடின பாட்டால் நின்றுவிட்டது என்று சொன்னேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான் என்பதைவிட அது சொல்லச் சுலபமாக இருந்தது. சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. போன மாதம் உனக்கு எழுதின கடிதத்தில்கூடக் கூசாமல் எழுதினேன் பார்.

உடனே உனக்கு எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வருஷம் போனது, அப்புறம் இரண்டு, அப்புறம் எழுத முகமில்லை.

மீனாட்சி


தேவனேரி
18-3-1974

மீனாட்சி,

உன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாளாக என்ன செய்வது என்று தெரியவில்லை. இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலையை வளர்த்துக்கொண்டு கடற்கரையில் கிடாரைத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் பாடுவதைக்கூடக் கேட்கப் பிடிக்காமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

நீ உன் கதையைச் சொன்னாய். நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

விக்கல் பாட்டைக் கொடுத்தவர் மியூசிக் டைரக்டர் திருவேங்கடம். உன் கடிதம் வந்த மாதம் அதே மாதிரி இரண்டு பாட்டுக்குக் கூப்பிட்டார். போய், மாட்டேன் என்றேன். ஏன் என்றார். என் தங்கை டீச்சராக இருக்கிறாள், கல்யாணம் ஆக வேண்டியவள், என்னால் அவளுக்குத் தலைக்குனிவு என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "பூரணி, நீ எல்லாம் பாடுவேன்னுதான் உன்னைக் கூப்பிடறேன். இது மட்டும் மாட்டேன்னா எல்லாம் பாடுற இன்னொருத்தியை நான் தேடணும். அப்புறம் அவ எல்லாத்தையும் பாடுவா." நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னொருத்தி வந்தாள். முதலில் அந்த இரண்டு பாட்டு. பிறகு குழந்தைப் பாட்டு, கிழவிப் பாட்டு. எழுபதுக்கு மேல் என் வீட்டு வாசலுக்கு ஸ்டூடியோ வண்டி வரவே இல்லை. ஆடி மாதம் அம்மன் ரெக்கார்டு, தை மாதம் கல்யாணக் கச்சேரி. அவ்வளவுதான் பூரணி.

இதெல்லாம் எனக்குக் குறையாகப் படவில்லை, தெரியுமா? கல்யாணம் நின்றது என்று கேள்விப்பட்டபோது, நான் செய்த பாவத்துக்கு இது சரிதான் என்று நினைத்தேன். ஏழு வருஷமாக அந்தப் பாட்டை யாராவது பாடச் சொன்னால் உன் முகம் வரும். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். என்னால் உன் வாழ்க்கை போயிற்று என்று நம்பினேன். அதனால் என் வாழ்க்கை போனதைப் பற்றிக் கேட்காமல் இருந்தேன்.

இப்போது பார்த்தால் உன்னுடையதை யாரோ அத்தை மகள் கொண்டு போயிருக்கிறாள். என்னுடையதை நீ கொண்டு போயிருக்கிறாய்.

அந்தப் பாட்டு நல்ல பாட்டு. அந்த விக்கலை ஸ்வரத்துக்குள் உட்கார வைக்க நான் மூன்று நாள் சாதகம் செய்தேன். இதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் கையெழுத்து எனக்கு வேண்டாம். ஆபரேஷனும் வேண்டாம். இருக்கிற குரலோடு இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன்.

பூவாயி


செங்கல்பட்டு
2-4-1974

அக்கா,

சனிக்கிழமை வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. உள்ளே நீ நடக்கிற சத்தம் கேட்டது. அதனால் நான் வந்தது உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

ஆராயி அம்மாள்தான் என்னை அவள் வீட்டு நிழலில் உட்கார வைத்தாள். நான் யார் என்று சொன்னேன். மீனைக் கழுவிக்கொண்டே, "ஒரு வாரமா கஞ்சிகூட எறங்கல அதுக்கு. நீ வந்து அழுதுகினு குந்திகினா ஆவாது. அத்த எப்டியாச்சும் ஆசுபத்திரிக்கு இட்டுகினு போ" என்றாள். கடைசி பஸ் வரைக்கும் இருந்தேன். வாங்கி வந்த சாத்துக்குடியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சித்திரைக்கு மேல் தள்ளினால் கட்டி கழுத்துக்குப் பரவிவிடும், அப்புறம் தான் கத்தியைத் தொட மாட்டேன் என்கிறார்.

நீ எழுதின ஒவ்வொரு வரியும் நியாயம். அதை மாற்ற என்னால் முடியாது. செய்ய முடிந்த ஒன்றைச் செய்தேன். ஆசிரியர் அறையில், எல்லாரும் இருக்கும்போது, மாமல்லை பூரணி என் அக்கா, என் கல்யாணம் அவளால் நிற்கவில்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். டிராயிங் மாஸ்டர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு டீச்சர்கள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. இத்தனை வருஷமாக என் மேல் பரிதாபப்பட்டவர்கள் அவர்கள்.

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி பின்கட்டுக்கு வந்து, அம்மன் பாட்டுப் பாடுகிறவரா, அன்றைக்கு வந்தபோதே சொல்லியிருந்தால் கையால் ஒரு வாய் மோர் கொடுத்திருப்பேனே என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

நீ என்னோடு பேச வேண்டாம். நான் பார்க்கவும் வரவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் விடு. உனக்கு நாற்பத்து மூன்று வயசுதான் ஆகிறது அக்கா.

மீனாட்சி


தேவனேரி
14-4-1974

மீனாட்சி,

18-ம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருப்பேன். வந்து கையெழுத்துப் போடு. மன்னிப்பு வேறு, கையெழுத்து வேறு. குழப்பிக்கொள்ளாதே.

என்ன ஆயிற்று என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை ஆராயியின் மகள் கல்யாணிக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை. பதினைந்து இருபது பெண்கள், பெரிய அண்டாவில் புளிச்சோறு. நான் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆராயி வந்து, "ரெண்டு அடி பாடேன், ஊரெல்லாம் உன் பாட்டு கேட்டுகினு கீது, எங்க வூட்டுல பாடாம போனா எப்டி" என்றாள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், பாட்டாக வந்துவிட்டது. நலுங்குப் பாட்டு, அம்மா பாடுவாளே, அது. முதல் அடி வந்தது. கரகரவென்றுதான், ஆனாலும் வந்தது. இரண்டாவது அடியில் நின்றுவிட்டது. காற்று மட்டும் போகிறது, சத்தம் இல்லை. அந்தப் பெண்கள், நான் அவர்களுக்காக விட்டுக் கொடுக்கிறேன் என்று நினைத்து, மொத்தமாக எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. கடைசி வரைக்கும் பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். ராஜபார்ட் பையன் என் பாட்டுக்கு வாய் அசைத்தான் என்று எழுதினேனே, அவன் எப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருத்தருக்கும் தெரியவில்லை மீனாட்சி. நான் கடைசியாகப் பாடினது அதுதான். சேர்த்து வைத்துப் பெரிதாக ஏதோ பாடிவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தேன். அது ஆகிவிட்டது, ஒரு நலுங்குப் பாட்டின் முதல் அடியோடு.

குரலைக் காப்பாற்றத்தானே கத்தி வேண்டாம் என்றேன். அது தானாகவே போய்விட்டது. இனி எதற்காகச் சாவது என்று தோன்றியது. அப்புறம் நல்ல பசி எடுத்தது. புளிச்சோறு இறங்காது என்று ஆராயி மோரில் கரைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து குடித்தேன்.

மாற்றுப்புடவை நான்கு எடுத்து வருகிறேன். ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கி வை. உன் பள்ளிக்கூடத்தில் கிடைக்குமே.

பூவாயி


செங்கல்பட்டு
9-7-1974

அக்கா,

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் நீ இல்லை. சிலேட்டில் "ஊருக்குப் போகிறேன், சாவி பூக்காரியிடம்" என்று மட்டும் எழுதியிருந்தது. தையல் ஆறி இன்னும் மாதம்கூட ஆகவில்லை. கழுத்தில் அந்தத் துளையோடு, பஸ்ஸில் புழுதியில் தனியாக எப்படிப் போனாய்?

ஆஸ்பத்திரியில் நாற்பது நாள், இங்கே முப்பத்தைந்து நாள். குழாயைக் கழுவினேன், கஞ்சி ஊற்றினேன், கூடவே படுத்தேன். அத்தனை நாளில் சிலேட்டில் நீ எனக்கு எழுதினது "தண்ணி", "போதும்", "சன்னலைச் சாத்து". துணியால் துடைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாய். வீட்டுக்கார அம்மாளுக்கு மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதிக் காட்டுவாய், இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

குறையாகச் சொல்லவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து வாயை அசைத்தாய். சத்தம் வரவில்லை. நர்ஸ் குறுக்கே வந்துவிட்டாள். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிட்டாயா அக்கா? இல்லை என்றாலும் எழுது.

மாத்திரைகளை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மீனாட்சி


தேவனேரி
21-9-1974

மீனாட்சி,

மாத்திரை வந்தது, தின்றும் முடித்தேன். பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. எழுத உட்கார்ந்தால் பாதியில் பொய்யாகிவிடுகிறது. மன்னித்தேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது இன்னும் ஆகவில்லை. விடிந்து எழுந்ததும் ஒரு நாள் உன் மேல் எரிச்சல் வருகிறது, ஒரு நாள் நீ குழாய் கழுவினது ஞாபகம் வருகிறது. எது எந்த நாளில் வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நான் சொன்னது, "செருப்பு பத்திரம்" என்று. வராந்தாவில் விட்டுவிட்டு வந்தேன், புதுச் செருப்பு. இதற்காகவா இரண்டு மாதம் வருத்தப்பட்டாய்?

இப்போது ஒரு சேதி. உன் வீட்டில் இருந்தபோது, நீ பள்ளிக்கூடம் போன ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். உன்னிடம் சொல்லவில்லை. காற்றைத் தண்ணீர் மாதிரி விழுங்கி, ஏப்பம் விடுகிற மாதிரி மேலே தள்ளி, அதிலேயே சொல்லை உருட்ட வேண்டும். சிலருக்கு வரும், சிலருக்குக் கடைசி வரைக்கும் வராது என்றார். உன் எதிரில் பழக வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான் சொல்லாமல் கிளம்பி வந்தேன். இங்கே அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

ஆவணி வரைக்கும் வெறும் ஏப்பம்தான். போன மாதம் ஆராயியின் புருஷன் தேசப்பன் கருவாடு காயப் போட்டிருந்தான். ஒரு நாய் வந்து வாயை வைத்தது. அவசரத்தில் காற்றை விழுங்கித் தள்ளினேன். "போ" என்று வந்தது. கல்லைக் கல்லில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். நாய் வாயில் கவ்வினதைப் போட்டுவிட்டு ஓடியது. தேசப்பன் வலையை விட்டு எழுந்து நின்றுவிட்டான். ஆராயி வெளியே வந்து, "இன்னா கொரலு இது, படகு இழுக்குற மாரி கீது" என்றாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"போ" சுலபமாக வருகிறது. "வா" வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. ஒரு விழுங்கலுக்கு ஒரு சொல்தான். கொஞ்சம் பெரிய சொல் என்றால் பாதியில் காற்று தீர்ந்துவிடும். உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "மீனா" வரைக்கும் வருகிறது.

உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எழுதினால் நீ அழகாகப் பதில் எழுதிவிடுவாய், வாத்தியாரம்மா. நேரில் உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேசக் கூடாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரும்.

அதனால் சனி ஞாயிறு போதாது. திங்கள் செவ்வாய்க்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

பூவாயி